கலிங்கத்துக்கு வருந்திய அசோகனும் மகாவம்சத்து அசோகனும்

1837ஆம் ஆண்டுக்கு முன்னர் அசோகன் என்ற பெயர் இந்தியாவில் பெரும்பாலோருக்கு ஒரு பொருளையும் தரவில்லை. புராணங்களின் அரச வரிசையில் மௌரிய குலத்து மன்னர்களுள் ஒருவராக அப்பெயர் கிடந்தது, அவ்வளவுதான். மறுபுறம் டில்லியிலும் அலகாபாத்திலும் நின்ற பெருந்தூண்களிலும், குஜராத்தின் கிர்னார் மலையடிப் பாறையிலும், ஒரிசாவின் தௌலிப் பாறையிலும் எவராலும் வாசிக்க முடியாத எழுத்துகள் இருந்தன. டில்லிச் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில் இத்தகைய இரு தூண்களைப் பெரும் பிரயாசையுடன் தம் தலைநகருக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அவற்றில் எழுதியிருந்ததை வாசித்துச் சொல்ல அவருக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

கல்கத்தா நாணயசாலையில் பொன் வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் அந்தப் பிராமி எழுத்தை வாசித்துவிட்டார். ஆனால் வாசித்த பின்னரும் ஒரு முடிச்சு அவிழவில்லை. எல்லாக் கல்வெட்டுகளிலும் பேசுகின்ற மன்னன் தன்னைத் 'தேவானம்பிய பியதசி' என்றே அழைத்துக்கொள்கிறான். தேவர்களுக்குப் பிரியமானவன், அன்போடு நோக்குபவன் என்பது பொருள். யார் இவன்? இலங்கையில் தேவநம்பிய தீசன் என்றொரு மன்னன் இருந்ததை அறிந்திருந்த பிரின்செப், இவனும் அவனே என்று முதலில் நினைத்தார். இலங்கை அரசன் ஒருவன் டில்லியில் தூண் நாட்டினான் என்று எண்ணுவதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் இலங்கையிலிருந்த ஒருவர். இலங்கைச் சிவில் சேவை அதிகாரியான ஜோர்ஜ் டேர்னர், பாளி மொழியைக் கற்று மகாவம்சத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். அதைவிட மூத்த நூலான தீபவம்சத்தில், சந்திரகுப்தனின் பேரனும் பிந்துசாரனின் மகனுமாகிய அசோகனுக்கே பியதசி என்ற பெயரும் உண்டு என்பதற்கான சான்றை அவர் கண்டெடுத்தார். கல்லில் இருந்த மனிதனுக்கு ஏட்டிலிருந்து பெயர் கிடைத்தது. டேர்னரும் பிரின்செப்பும் 1799இல் பிறந்த ஒரே வயதினர். இருவரும் நாற்பதுகளின் நடுப்பகுதியைக்கூடத் தாண்டாமல் மறைந்தார்கள். கல்வெட்டிலேயே அசோகன் என்ற பெயர் வெளிப்படையாகக் கிடைப்பதற்கு, கர்நாடகத்தின் மஸ்கி என்ற ஊரில் 1915இல் ஒரு பாறைக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்படும் வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே அசோகன் விடயத்தில் இலங்கையின் பாளி வரலாற்று நூல்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுவதே நியாயம்.

ஆனால் பெயரை இணைத்த அதே வேளையில் இரண்டு வெவ்வேறு மனிதர்களையும் வரலாறு ஒன்றாக்கிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் போசன் பௌர்ணமியை ஒட்டி நமது பத்திரிகைகள் சிறப்பிதழ் வெளியிடுவது வழக்கம். பல ஆண்டுகள் அக்கட்டுரைகளைச் செம்மைப்படுத்தும் வேலை என் மேசைக்கு வந்தது. பெரும்பாலானவற்றில் கதை ஒன்றுதான். ஒரு வரியில் அசோகன் கலிங்கப் போர்க்களத்துப் பிணக்குவியலைக் கண்டு மனம் மாறுவான். அடுத்த வரியில் மகிந்த தேரரை மிகிந்தலைக்கு அனுப்பிவைப்பான். வாசிப்பதற்கு இதமான கதை. ஆனால் இந்த இரு வரிகளும் இரு வேறு மூலங்களிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை என்பதை எழுதியவர்களோ வாசித்தவர்களோ கவனித்ததாகத் தெரியவில்லை. கலிங்கம் கல்வெட்டில் இருக்கிறது, மகாவம்சத்தில் இல்லை. மகிந்த தேரர் மகாவம்சத்தில் இருக்கிறார், கல்வெட்டில் இல்லை.

பத்திரிகைத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சம்பந்தப்பட்டவர் தரும் வாக்குமூலமும் அவரைப் பற்றிப் பிறர் கூறுவதும் முரண்பட்டால், இரண்டையும் அருகருகே வைத்து, யாருக்கு எதைச் சொல்ல வேண்டிய தேவை இருந்தது என்று கேட்பது. அசோகனையும் அப்படிப் பார்க்கலாம்.

அவன் ஆட்சிக்கு வந்த கதையில் தொடங்குவோம். மகாவம்சம் சொல்வது இது. பிந்துசாரனுக்கு 101 புதல்வர்கள். அசோகன் உச்சயினியில் அரசப் பிரதிநிதியாக இருந்தான். அங்கு செல்லும் வழியில் விதிசை நகரில் ஒரு வணிகரின் மகளான தேவியைக் கண்டு மணந்தான். மகிந்தனும் சங்கமித்தையும் பிறந்தனர். தந்தை நோயுற்ற செய்தி கேட்டுப் பாடலிபுத்திரத்துக்கு விரைந்து வந்து நகரைக் கைப்பற்றினான். மூத்தவனாகிய சுமணனைக் கொன்றான். ஒரே தாய் வயிற்றுத் தம்பியான தீசனை மட்டும் விட்டுவிட்டு ஏனைய சகோதரர்கள் 99 பேரையும் கொன்றான். ஆட்சியைக் கைப்பற்றி நான்கு ஆண்டுகள் கழித்தே முடிசூடினான்.

வட இந்தியாவில் சமஸ்கிருதத்தில் எழுந்த அசோகாவதானம் இதே கதையை வேறு பெயர்களோடு சொல்கிறது. அங்கே மூத்தவன் பெயர் சுசீமன். அசோகனோ தோல் சொரசொரப்பானவன், தந்தைக்குப் பிடிக்காத பிள்ளை. தட்சசீலத்தில் கலகம் வெடித்தபோது அதை அடக்க அனுப்பப்படுகிறான். ராதகுப்தன் என்ற அமைச்சன் அவன் பக்கம் நிற்கிறான். சுசீமன் கோட்டை வாயிலில் தணல் நிரப்பிய குழியில் விழுந்து மடிகிறான். பிறகு அமைச்சர்கள் 500 பேரின் தலைகள் உருள்கின்றன; அந்தப்புரப் பெண்கள் 500 பேர் தீயிலிடப்படுகிறார்கள்; நரகத்தைப் போன்றதொரு சிறைச்சாலை கட்டப்படுகிறது. 'சண்டாசோகன்' என்ற பட்டம் அவனுக்கு இப்படித்தான் வருகிறது.

99, 500, 500. இவை எண்ணிப் பார்த்து எழுதிய எண்கள் அல்ல. முடிசூடிப் 13 ஆண்டுகளுக்குப் பின் பொறிக்கப்பட்ட ஐந்தாம் பாறைச் சாசனத்தில், பாடலிபுத்திரத்திலும் வெளியூர்களிலும் உள்ள தன் சகோதர சகோதரிகளின் இல்லங்களிலும் தம்ம அதிகாரிகள் பணியாற்றுவதாக அசோகன் குறிப்பிடுகிறான். அவை கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களாகவும் இருக்கலாமே என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் ஒருவனைத் தவிர எல்லோரையும் அழித்த மன்னன் இப்படி இயல்பாக எழுதியிருப்பானா என்பதே என் கேள்வி. வாரிசுப் போட்டி ஒன்று நடந்தது, அதில் இரத்தம் சிந்தியது, முடிசூடச் சில ஆண்டுகள் தாமதமாயிற்று என்ற அளவில் நிற்பதே பொருத்தம். பிந்துசாரனின் மறைவு கி.மு. 272 அளவிலும் அசோகனின் முடிசூட்டு கி.மு. 268 அளவிலும் நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர் பலர் கொள்வது இந்த இடைவெளியை வைத்துத்தான்.

அப்படியானால் பிக்குகள் தங்கள் புரவலனை ஏன் இவ்வளவு கொடியவனாகத் தீட்ட வேண்டும்? முன்னைய இருள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்கு மனமாற்றத்தின் ஒளி பிரகாசிக்கும். மகாவம்சத்தில் அந்த மனமாற்றத்தைக் கொண்டுவருபவன் நிக்குரோதன் என்ற ஏழு வயதுச் சாமணேரன். அவன் யார்? அசோகனால் கொல்லப்பட்ட சுமணனின் மகன். கர்ப்பிணியாக ஊரைவிட்டு ஓடிய தாய் சண்டாளர் சேரியில் அவனைப் பெற்றெடுத்தாள். தகப்பனைக் கொன்றவனுக்குப் பிள்ளை தர்மம் போதிக்கிறான். கதை என்ற வகையில் இதைவிட அழகாக ஒருவர் கற்பனை செய்துவிட முடியாது.

இனிக் கல்லுக்கு வருவோம். பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் அசோகன் தன் வாயால் சொல்கிறான். முடிசூடி எட்டு ஆண்டுகளான பின் கலிங்கம் வெல்லப்பட்டது. 150,000 பேர் அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டனர். 100,000 பேர் அங்கேயே கொல்லப்பட்டனர். அதைப் போலப் பல மடங்கினர் மடிந்தனர். இந்த எண்களும் உருட்டிச் சொன்னவைதாம். ஆனால் யார் அவற்றைச் சொல்கிறார் என்பதே இங்கு முக்கியம். பழைய உலகத்து அரசர்கள் கொன்ற தலைகளை எண்ணிக் கல்லில் எழுதியது வெற்றிப் பெருமைக்காக. அசீரியர் அதைச் செய்தார்கள். நம்மவர் மெய்க்கீர்த்திகளும் அதற்குப் பெரிதும் விலக்கல்ல. வென்ற மன்னன் ஒருவன் தான் கொன்றவர்களின் தொகையைத் தன் துயரத்துக்குக் காரணமாக எழுதிவைத்த சாசனத்துக்கு இணையாக இன்னொன்றை நான் எங்கும் படித்ததில்லை.

அந்தத் துயரத்தை அவன் விவரிக்கும் முறை இன்னும் கூர்மையானது. கலிங்கத்தில் பிராமணர் இருந்தனர், சிரமணர் இருந்தனர், வேறு சமயத்தார் இருந்தனர், பெற்றோரையும் பெரியோரையும் பேணி நண்பரிடமும் பணியாளரிடமும் நல்லபடி நடந்துகொண்ட இல்லறத்தார் இருந்தனர் என்கிறான். அவர்கள் காயப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள், அன்புக்குரியவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். தாம் தப்பிக்கொண்டவர்கள்கூடத் தம் உற்றாரின் துன்பத்தால் துன்புற்றார்கள். எதிரி நாட்டின் குடிமக்களைச் சாதாரணக் குடும்பத்தவராக, அறம் அறிந்தவராகக் காண்கின்ற பார்வை இது. இறந்தவர்களில் எத்தனை பேர் பௌத்தர் என்று அவன் கணக்கெடுக்கவில்லை.

ஆயினும் அவனைப் புனிதனாக்கிவிடுவதற்கு நான் தயாரில்லை. வருந்திய மன்னன் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெயர்த்துச் செல்லப்பட்ட மக்களை மீண்டும் ஊர்சேர்த்ததாகச் சாசனத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதே சாசனத்தில் காட்டுக் குடிகளுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு: மன்னன் வருந்தினாலும் அவனிடம் வலிமை இருக்கிறது, கொல்லப்படாமலிருக்க வேண்டுமானால் அவர்கள் தங்கள் செயல்களுக்கு நாணித் திருந்தட்டும். மரண தண்டனையையும் அவன் ஒழிக்கவில்லை. 26 ஆண்டு ஆட்சிக்குப் பின் எழுதிய தூண் சாசனத்தில், மரண தண்டனை பெற்றவர்களுக்கு மூன்று நாள் அவகாசம் தருவதாக மட்டுமே சொல்கிறான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு செய்தி. கலிங்க நாட்டில் தௌலி, ஜௌகடா என்னும் இரு இடங்களில் அசோகனின் பாறைச் சாசனங்கள் உள்ளன. அங்கே பதின்மூன்றாம் சாசனம் இல்லை. வடமேற்கு எல்லையில், இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஷாபாஸ்கடியில் வாசிக்கக் கிடைத்த வருத்தம், பாதிக்கப்பட்ட மக்களின் கண்ணில் படும்படி வெட்டப்படவில்லை. அதன் இடத்தில் இரு தனிச் சாசனங்கள் இருக்கின்றன. எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்கிறான். காரணமின்றி எவரையும் சிறையிடவோ வதைக்கவோ கூடாதென அதிகாரிகளுக்கு ஆணையிடுகிறான். இன்னும் வெல்லப்படாத எல்லைப்புறத்தார் தன்னைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்றும் சொல்கிறான். தோற்ற மக்களிடம் போய், உங்களில் நூறாயிரம் பேரைக் கொன்றேன் என்று நினைவூட்டுவது ஆட்சிக்கு நல்லதல்ல என்று யாரோ ஓர் ஆலோசகர் கருதியிருக்கலாம். மன்னனே கருதியிருக்கலாம். நல்லாட்சி தருவோம், பழையதைப் பேச வேண்டாம் என்ற குரலை நம் காலத்திலும் நாம் கேட்டிருக்கிறோம். ஆனாலும் அந்தத் தனிச் சாசனங்களை வெறும் தந்திரம் என்று தள்ளிவிடவும் முடியாது. அதிகாரிகளின் அத்துமீறலை அந்த மண்ணிலேயே, அந்த மக்களின் முன்னாலேயே கண்டித்து எழுதியிருக்கிறான்.

அவன் பௌத்தனானது ஒரே நாளில் நிகழ்ந்ததும் அல்ல. சிறு பாறைச் சாசனத்தில் அவனே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறான்: இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக உபாசகனாக இருக்கிறேன், முதல் ஓராண்டு பெரிய ஈடுபாடு காட்டவில்லை, சங்கத்தை அணுகிய பின் இந்த ஓராண்டுக்கு மேலாகத்தான் ஊக்கத்தோடு முயல்கிறேன். போர்க்களத்தில் வாளை வீசியெறிந்த காட்சி எங்கும் இல்லை. நம்மைப் போல, மெல்ல மெல்லத்தான் அவனும் மாறியிருக்கிறான்.

மகாவம்சத்தின் கால வரிசையை இங்கே பொருத்திப் பார்த்தால் ஒரு சங்கடம் எழுகிறது. அதன்படி முடிசூடி முதல் மூன்று ஆண்டுகள் தந்தையைப் போலவே பிராமணர் 60,000 பேருக்கு அசோகன் அன்னமிட்டான். அதன்பின் நிக்குரோதனால் மனம் மாறினான். 84,000 விகாரைகளைக் கட்டுவித்தான். ஆறாம் ஆண்டில் மகிந்தனும் சங்கமித்தையும் துறவு பூண்டனர். கல்வெட்டின்படி கலிங்கப் போர் எட்டு ஆண்டுகளின் பின்னர். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தால், 84,000 விகாரைகளைக் கட்டி முடித்து, மகனையும் மகளையும் சங்கத்துக்கு அளித்துவிட்ட ஒரு பௌத்த மன்னனே கலிங்கத்தில் நூறாயிரம் பேரைக் கொன்றான் என்றாகிவிடும். போசன் கட்டுரைகளில் அந்த இரு வரிகளை ஒட்டுகிறவர்கள் தாம் எதை எதனோடு ஒட்டுகிறோம் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

பௌத்தத்துக்கு அவன் செய்த பணியைப் பொறுத்தவரை கல்வெட்டுகள் தெளிவாகவே பேசுகின்றன. முடிசூடிப் பத்தாண்டுகளான பின் புத்தர் ஞானம் பெற்ற இடத்துக்கு யாத்திரை சென்றான். வேட்டை யாத்திரைகள் தர்ம யாத்திரைகளாயின. 14 ஆண்டுகளின் பின் கோணாகமன புத்தரின் தூபியைப் பெருப்பித்தான். 20 ஆண்டுகளின் பின் லும்பினிக்குச் சென்று தூண் நாட்டி, அவ்வூரின் வரியைக் குறைத்தான். புத்தர் பிறந்த இடத்தை 1896இல் உலகம் உறுதிசெய்துகொண்டது அந்தத் தூணைக் கொண்டுதான். பைராட்டில் கிடைத்த கல்லில், பிக்குகளும் பிக்குணிகளும் உபாசகரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டிய ஏழு பௌத்த நூற்பகுதிகளைப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறான். சங்கத்தைப் பிளப்பவர்களுக்கு வெள்ளாடை உடுத்தி வெளியேற்ற வேண்டும் என்று சாரநாத்திலும் சாஞ்சியிலும் கௌசாம்பியிலும் ஆணை பொறித்தான்.

ஆனால் அவன் ஊர் ஊராகப் பறைசாற்றிய 'தம்மம்' பௌத்தத்தின் மறுபெயர் அல்ல. நிர்வாணம் பற்றியோ நான்கு உண்மைகள் பற்றியோ அச்சாசனங்கள் பேசுவதில்லை. பெற்றோரைப் பேணல், உயிர்க்கொலை தவிர்த்தல், பணியாளரிடம் கனிவு, பிராமணருக்கும் சிரமணருக்கும் கொடை, குறைவாகச் செலவிட்டுக் குறைவாகச் சேர்த்தல் என்பவையே அங்கு உள்ளன. காந்தகாரில் 1958இல் கிடைத்த கிரேக்க, அரமேயச் சாசனம் அதே கருத்துகளை அந்த மக்களின் மொழிகளிலேயே சொல்கிறது. ரொமிலா தாப்பர் 1961இல் வெளியிட்ட தம் நூலில், பல இனமும் பல சமயமும் கொண்ட பேரரசை இணைத்துப் பிடிக்க அசோகன் வகுத்த கொள்கையாகவே இந்தத் தம்மத்தை விளக்கினார். அவனுடைய சொந்த நம்பிக்கையை இதனால் சந்தேகிக்கத் தேவையில்லை. சொந்த நம்பிக்கை வேறு, அரச கொள்கை வேறு என்று பிரித்துவைக்க அவனுக்குத் தெரிந்திருந்தது.

கயைக்கு வடக்கே பராபர் குன்றுகளில், கண்ணாடி போல் பளபளக்கத் தேய்த்த குகைகளை ஆசீவகத் துறவிகளுக்கு அவன் வழங்கினான். பௌத்தர்களுக்கு ஆசீவகர் எவ்வளவு வேண்டாதவர்கள் என்பதைப் பௌத்த நூல்களைப் படித்தவர்கள் அறிவர். பின்னாளில் யாரோ அக்கல்வெட்டுகளில் 'ஆசீவகர்' என்ற சொல்லைத் தேடிச் சிதைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தில், தன் சமயத்தை உயர்த்துவதற்காகப் பிறர் சமயத்தை இழிப்பவன் தன் சமயத்துக்கே பெருங்கேடு செய்கிறான் என்று எழுதிவைத்து, நாவடக்கத்தை எல்லாச் சமயத்தாருக்கும் விதியாக்கினான். அசோகாவதானத்து அசோகனோ, புத்தரை இழிவாக வரைந்த ஒரு படத்துக்காக ஒரே நாளில் 18,000 ஆசீவகரைக் கொல்வித்தவன். நூலாசிரியர் இதைக் கண்டித்து எழுதவில்லை. பக்தியின் அடையாளமாகவே எழுதுகிறார். சொந்தக் கையால் குகை வெட்டிக்கொடுத்தவனை, பக்தர்கள் கொலைகாரனாக்கிக் கொண்டாடியிருக்கிறார்கள்.

வரலாற்று நூல்களைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியுமா? முடியாது. மொக்கலிபுத்த தீச தேரர் பல திசைகளுக்கும் தூதுக்குழுக்களை அனுப்பினார் என்று மகாவம்சம் கூறுவதை ஐரோப்பிய அறிஞர் சிலர் கட்டுக்கதை என நினைத்தனர். 1851இல் கன்னிங்காம் சாஞ்சியிலும் அயல் தூபிகளிலும் தோண்டியபோது, இமயப் பிரதேசத்தின் ஆசானாகிய கஸ்ஸபகோத்தர், மஜ்ஜிமர் ஆகியோரின் பெயர் பொறித்த அஸ்திப் பேழைகள் வெளிவந்தன. மகாவம்ச மரபு இமயத்துக்கு அனுப்பிய அதே பெயர்கள்! ஏடு இங்கே மெய்யாயிற்று.

இலங்கையும் தமிழகமும் அசோகனின் கல்லில் இருக்கின்றன. அதுவும் ஒரே மூச்சில். இரண்டாம் சாசனத்தில், மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்ட நாடுகளாகச் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை ஆகியவற்றை அவன் வரிசைப்படுத்துகிறான். இவை தன் ஆட்சிக்கு வெளியே இருந்தவை என்பதையும் ஒப்புக்கொள்கிறான். சதியபுத்திரர் யார் என்று நெடுங்காலம் நடந்த விவாதம், 1981இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டோடு முடிந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைச் சதியபுத்திரன் என்றே அதில் குறிப்பிடுகிறான். ஆனால் மகாவம்சம் கூறும் ஒன்பது தூதுத் திசைகளில் காஷ்மீரம் உண்டு, மகாராட்டிரம் உண்டு, சுவர்ணபூமி உண்டு. தமிழ் நாடுகள் இல்லை. இத்தனைக்கும் சங்கமித்தை போதிமரக் கிளையோடு வந்திறங்கிய ஜம்புகோளத் துறையை அதே நூல்தான் நமக்குச் சொல்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டு வடகரையின் சம்பில்துறையே அது என்று பலர் கொள்வர். முதலில் முளைத்த எட்டுக் கன்றுகளுள் ஒன்று அங்கேயே நடப்பட்டதாகவும் மகாவம்சம் கூறும்.

இப்போது வருத்தத்துக்குத் திரும்புவோம். என்னை நெடுநாளாக உறுத்துவது அதுதான். மகாவம்சத்து அசோகனும் ஒரு முறை வருந்துகிறான். சங்கத்துக்குள் பிணக்கு முற்றிப் பல ஆண்டுகள் உபோசதம் நடவாதிருந்தபோது, அதை நடத்தி வைக்கும்படி ஓர் அமைச்சனை அனுப்புகிறான். மூளையில்லாத அமைச்சன் மறுத்த தேரர்களின் தலைகளை வரிசையாக வெட்டுகிறான். மன்னன் துடித்துப்போய், இந்தப் பாவம் யாரைச் சேரும் என்று கேட்கிறான். மொக்கலிபுத்த தீசர், கொல்லும் எண்ணம் உனக்கு இல்லாததால் பாவமும் உனக்கு இல்லை என்று தேற்றுகிறார். மூன்றாம் சங்கம் கூடுகிறது. போலிப் பிக்குகள் 60,000 பேர் வெளியேற்றப்படுகிறார்கள். கல்லில் உள்ள மன்னன் வருந்தியது எதிரி நாட்டுக் குடிகளுக்காக. ஏட்டில் உள்ளவன் வருந்துவது கொல்லப்பட்ட பிக்குகளுக்காக. ஏட்டில் உள்ளவனுக்கு ஆறுதல் சொல்ல ஒருவர் இருந்தார்.

அதே நூலில் இன்னொரு மன்னன் எதிரியின் சாவுக்காக வருந்தும் இடமும் உண்டு. எல்லாளனை வென்று அனுராதபுரத்தைக் கைப்பற்றிய துட்டகைமுனு, தன்னால் மாண்ட பெருந்தொகையான மக்களை எண்ணி நிம்மதியின்றி இருக்கிறான். கலிங்கத்துக்குப் பின் அசோகன் இருந்த அதே நிலை. அப்போது பியங்குதீபத்திலிருந்து எட்டு அரகந்தர்கள் வந்து அவனைத் தேற்றுகிறார்கள். நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான் என்பது அவர்கள் தந்த ஆறுதல். திரிசரணம் ஏற்றவன் ஒருவன். பஞ்சசீலமும் ஏற்றவன் இன்னொருவன். ஏனையோர் பொய்ந்நெறியினர், விலங்குக்கு ஒப்பானவர். அசோகன் ஒன்றரை இலட்சம் பேரின் பிரிவை எழுதி அழுதான். இங்கே ஒன்றரைப் பேரோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

இந்த ஒப்பீட்டை வைத்து மகாவம்ச ஆசிரியர் கலிங்கத்தை வேண்டுமென்றே மறைத்தார் என்று குற்றஞ்சாட்ட நான் முன்வரவில்லை. அசோகாவதானத்திலும் கலிங்கம் இல்லை. மகாவம்சம் எழுதப்பட்டது அசோகனுக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின். பிக்குகளின் நினைவில் தங்கியது தங்கள் சங்கத்தோடு தொடர்புடைய அசோகன்தான். போரைத் தன் மனச்சாட்சியாலேயே எடைபோட்ட அசோகனைப் பேண அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. அதே ஆசிரியர் எல்லாளனின் நீதியைப் புகழ்ந்தார் என்பதையும், வீழ்ந்த எல்லாளனுக்குத் துட்டகைமுனு சமாதி எழுப்பி வணங்கச் செய்தான் என்பதைப் பதிவுசெய்தார் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் ஒரு நாட்டின் அரசர்களும் அமைச்சர்களும் மாணவர்களும் போர் முடிந்த மறுநாள் எந்தக் கதையை நினைவுகூர்கிறார்கள் என்பது சிறிய விடயம் அல்ல. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் சாசனங்கள் நமது பாடப்புத்தகங்களில் மிகிந்தலைக்கு இணையான இடத்தைப் பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமலிருக்க என்னால் முடியவில்லை.

1837இல் டேர்னர் அச்சிட்ட மகாவம்ச மொழிபெயர்ப்பின் தொகுதியில் அந்த எட்டு அரகந்தர்களின் ஆறுதலும் இருக்கிறது. பியதசி யார் என்று அவர் பிரின்செப்புக்கு விடை கொடுத்ததும் அதே ஆண்டில்தான். கிர்னார்ப் பாறையில் பதின்மூன்றாம் சாசனம் சிதைந்திருந்ததால், கலிங்கம் பற்றிய சொற்கள் அப்போது முழுமையாக அகப்படவில்லை. ஷாபாஸ்கடிப் பாறையின் எழுத்துகளும், 1860இல் வெளிப்பட்ட கால்சிப் பாறையின் எழுத்துகளும் வாசிக்கப்பட்ட பின்னரே அந்த வருத்தம் முழுதாகத் தெரியவந்தது. அதற்குள் பிரின்செப் 1840இலும் டேர்னர் 1843இலும் காலமாகியிருந்தனர்.